அப்டேட்டுக்குப் பிறகு ரீஃபிலை ஏற்காத பிரிண்டர்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: பரந்தனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் (பிரிண்ட், போட்டோகொப்பிக் கடை) வைத்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் கிளிநொச்சியில் பிரிண்டர் வாங்கினேன். ரீஃபில் (மறுபடி மை நிரப்பிய) கார்ட்ரிஜ் போடலாமா என்று கேட்டபோது, தாராளமாகப் போடலாம் என்றார்கள். போன மாதம் பேப்பர் சிக்குகிறது என்று அதே கடையில் திருத்தக் கொடுத்தேன். 1,500 ரூபா எடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் கார்ட்ரிஜை ஏற்க முடியாது என்று திரையில் வருகிறது. “மெஷின் அப்டேட் கேட்டது, போட்டுவிட்டோம். இனிக் கம்பனிக் கார்ட்ரிஜ்தான்” என்கிறார்கள். ஓ.எல். பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர் வேலையெல்லாம் நிற்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், தங்கச்சி. ஆனால் வழக்கில் தொடங்க வேண்டாம். வழக்குச் செலவு பிரிண்டரின் விலையைத் தாண்டிவிடும். முதலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். தொழிலுக்கு வாங்கிய பொருளாயிற்றே என்று தயங்க வேண்டாம். காசு கொடுத்துப் பொருளையோ சேவையையோ பயன்படுத்துகிறவர் எவரும் அந்தச் சபைக்கான சட்டப்படி நுகர்வோர்தான்.

கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. அந்தச் சட்டத்தின் (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம்) 13ஆம் பிரிவின்படி விற்பனை நடந்து, அல்லது சேவை தந்து, மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். பிரிண்டர் வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது, அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் திருத்த வேலை போன மாதம்தான் நடந்தது. ஆகவே முறைப்பாட்டை அந்தச் சேவையின் மேல் எழுதுங்கள். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. பேப்பர் சிக்கலுக்குக் கொடுத்த மெஷினில், உங்களைக் கேட்காமல், ஓடிக்கொண்டிருந்த கார்ட்ரிஜை ஓடாமல் ஆக்கியது எந்த வகைக் கவனம்? இதைத்தான் அழுத்திக் கேளுங்கள். விசாரணைக்குப் பின் நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ சபை உத்தரவிடலாம்.

ரீஃபில் போடலாம் என்று சொல்லி விற்ற விஷயத்தை, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். வாய்ப்பேச்சுத்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரம் உங்களோடு யாராவது நின்றிருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

வெளிநாட்டுக் கம்பனியை இங்கிருந்து பிடிப்பது கடினம். ஆனாலும் இத்தாலியப் போட்டி ஆணைக்குழு 2020இல் பிரிண்டர் செய்யும் எச்.பி. நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. வேறு கார்ட்ரிஜ்களுக்கு உள்ள தடையை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் குறை அற்பமானது என்று யாராவது சொன்னால் காட்ட உதவும். நல்ல நிலையில் உள்ள மெஷினை ஒரு அப்டேட்டால் முடக்குவது அநியாயம். அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இன்றைக்கே திரையில் வரும் செய்தியைத் திகதி தெரியப் படம் எடுங்கள். இரண்டு பில்லையும் அந்தக் கார்ட்ரிஜையும் பத்திரமாக வையுங்கள். அப்டேட்டுக்கு முன்பிருந்த பழைய மென்பொருள் பதிப்பை மீண்டும் போட்டுத் தரும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை எறிய வேண்டாம். அதுவரை பிரிண்டரை வைஃபையில் இணைக்காதீர்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியையும் செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள்.