பொல்கொட ஏரிக்கு முதல் ஃப்ளை

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: பொல்கொட ஏரியில் கொடுவா பிடிப்பதற்காக ஃப்ளை தூண்டில் வாங்கியிருக்கிறேன். ஃப்ளைகளை, அதாவது முள்ளில் முடி, இறகு போன்றவற்றைக் கட்டிச் செய்யும் செயற்கை இரைகளை, வீட்டிலேயே கட்டிப் பழக விரும்புகிறேன். அதற்கான கருவிகளும் பொருட்களும் அடங்கிய, இணையத்தில் விற்கும் முழுத் தொகுதியை வாங்கலாமா? எந்த வகையில் தொடங்குவது?

தொகுதியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மலிவான தொகுதிகளில் வரும் வைஸ் (கட்டும்போது முள்ளைப் பிடித்திருக்கும் இடுக்கி) பெரிய முள்ளை இறுக்கிப் பிடிக்காது. அவற்றிலுள்ள இறகுகளும் பெரும்பாலும் ட்ரவுட் மீனுக்கான சிறிய ஃப்ளைகளுக்கு உரியவை என்பதால், நுவரெலியாப் பக்கம் போகிறவருக்கு உதவுமே தவிர உங்களுக்கு உதவாது. தாடை உறுதியான ஒரு வைஸ், நூற்கட்டையைத் தாங்கி நூலைக் குழாய் வழியே விடும் ஒரு பொபின், கூரான சிறு கத்தரிக்கோல் ஆகிய மூன்றுக்கும் மட்டும் தாராளமாகச் செலவிடுங்கள். பொபின் குழாயின் வாய் பீங்கானாக இருப்பது நல்லது. உலோக விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தாலும் அது நூலை அறுத்துக்கொண்டேயிருக்கும், பழகுபவரோ தன் கையைத்தான் நொந்துகொள்வார்.

முதல் ஃப்ளையாக, அமெரிக்கரான பொப் கிளௌசர் 1980களில் உருவாக்கிய கிளௌசர் மின்னோவைப் பரிந்துரைக்கிறேன். சிறு மீனைப் போல நீந்தும் இந்த வடிவத்துக்கு முள், நூல், ஈயக் கண்கள் (இரு முனையிலும் குண்டுள்ள சிறு பாரம்), இரு நிற முடி, சிறிது மினுமினுப்பு இழை ஆகியவையே போதும். மான் வால் முடி கிடைக்காவிட்டால் செயற்கை முடியைப் பயன்படுத்தலாம். மினுமினுப்பு இழையைப் புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடைகளில் தேடிப் பாருங்கள்.

கட்டத் தொடங்குமுன், வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, அது அறும்வரை வேண்டுமென்றே சில தடவைகள் இழுத்துப் பாருங்கள். அறுவதற்குச் சற்று முந்திய இறுக்கத்தைக் கை அறிந்துகொண்டால், கட்டு தளர்ந்து முடி உருவிக்கொண்டு வருவது பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்து, முள்ளின் துளையிலிருந்து தண்டின் மூன்றிலொரு பங்கு தள்ளி, தண்டின் மேற்புறத்தில் ஈயக் கண்களை வைத்து, நூலைக் குறுக்கும் மறுகுறுக்குமாகச் சுற்றி, ஒரு துளி சுப்பர் குளூ இடுங்கள். கண்களின் பாரத்தால் ஃப்ளை நீரில் தலைகீழாகத் திரும்பி முள்முனை மேல்நோக்கி நிற்கும் என்பதால், அடித்தளத்தில் அது சிக்குவது குறையும். ஆகவே வெள்ளை முடியைக் கண்கள் உள்ள பக்கத்தில் கட்டி, முள்ளைக் கவிழ்த்து வைத்து, மினுமினுப்பு இழையையும் மீனின் முதுகாக அமையும் கரு நிற முடியையும் மறுபக்கத்தில் கட்ட வேண்டும்.

பழகுபவர் எல்லோரும் முடியை அள்ளி வைக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்திலும் தீக்குச்சிப் பருமன் போதும். அதற்கு மேற்பட்டால் ஃப்ளை தூரிகைபோலாகி மெதுவாக அமிழும். துளைக்குப் பின்னால் சிறிது தண்டை வெறுமையாக விட்டு, அங்கே முடிச்சிட்டு, மேலே நிறமற்ற கியூடெக்ஸ் பூசினால் தலை நெடுநாள் நிலைக்கும். கொழும்பின் உப்புக்காற்றில் சாதாரண முட்கள் விரைவில் துருப்பிடிக்குமாதலால், துருப்பிடிக்காத எஃகு முட்களையே வாங்கிக் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

கட்டி முடித்ததும் வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கண்கள் நேராக இல்லை என்று பொருள். அத்தகையதைப் பிளேட்டால் சீவி எடுத்துவிட்டு, அதே முள்ளில் மறுபடி கட்டலாம்.