மவுத் ஆர்கனில் தனிச்சுரம்: தொடக்க நிலையினருக்கான கேள்வி பதில்

கேள்வி: சி சுருதியில் பத்துத் துளை மவுத் ஆர்கன் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. நான்காம் துளையில் ஊதினால் ஐந்தாம் துளையும் சேர்ந்தே ஒலிக்கிறது. உதட்டை எவ்வளவு சுருக்கினாலும் மாறவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அந்தச் சுருக்கல்தான் கோளாறு. விசிலடிப்பதுபோல் உதட்டு நுனியைக் குவித்து, வாத்தியத்தைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு ஊதினால் காற்று பக்கவாட்டில் கசியும், ஒலியும் மெலிந்துபோகும். வாத்தியத்தை உதடுகளுக்கு இடையே நன்றாக உள்ளே கொடுத்து, உதட்டின் ஈரமான உட்புறம் மேல்தகட்டிலும் கீழ்த்தகட்டிலும் படியுமாறு வைத்து, பின்புறத்தைச் சற்றே உயர்த்துங்கள். துளைகள் உள்ள விளிம்பு கீழுதட்டில் புதைந்து உட்காரும். அதன்பின் வாயின் இரு ஓரங்களையும் மெதுவாக முன்னே கொண்டுவந்தால், ஒரு துளை அளவுக்கான வழி மட்டும் நடுவில் மிஞ்சும். கன்னம் வலிக்கத் தொடங்கினால் மறுபடியும் இறுக்குகிறீர்கள் என்று பொருள். நானும் முதல் சில மாதங்களை இப்படி இறுக்கியே வீணடித்தவன்தான்.

கேள்வி: ஒலிப்பது ஒரே சுரம்தானா என்று எப்படி உறுதி செய்வது? என் காதுக்கு எல்லாமே இனிமையாகத்தான் கேட்கிறது.

பதில்: அதற்குக் காரணம் இருக்கிறது. சி சுருதி வாத்தியத்தில் ஊதும் சுரங்கள் பத்தும் ச, க, ப ஆகிய மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், பக்கத்துத் துளை கசிந்தாலும் அது பொருத்தமாகவே ஒலித்து நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே சோதனையை உறிஞ்சும் பக்கத்தில், ஆறாம் துளையில் செய்யுங்கள். அங்கே தைவதம்; ஏழாம் துளையில் நிஷாதம். இரண்டும் கலந்தால் உரசல் உடனே காதில் குத்தும். முதலில் ஐந்தாம், ஏழாம் துளைகளை இரு ஆள்காட்டி விரல்களின் நுனியால் மூடிக்கொண்டு ஆறாம் துளையை உறிஞ்சி, அந்தத் தூய ஒலியை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விரல்களை எடுத்துவிட்டு அதே ஒலியை உதட்டால் மட்டும் தேடுங்கள்.

கேள்வி: சிறு வயதிலிருந்து இரண்டு வரிசைத் துளைகள் கொண்ட டிரெமலோ வாசிக்கிறேன். அதில் சுத்தமாக வரும் சுரம் பத்துத் துளை வாத்தியத்தில் ஏன் வருவதில்லை?

பதில்: டிரெமலோவில் ஊதும் ரீடும் (ரீடு என்பது காற்று பட்டு அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு) உறிஞ்சும் ரீடும் அடுத்தடுத்த தனித்தனிப் பத்திகளில் இருப்பதால், வாய் இரண்டு பத்திகளை மூடினாலும் ஊதும்போது ஒன்றுதான் பேசும். பத்துத் துளை வாத்தியத்திலோ ஒரே துளைக்குள் இரண்டு ரீடுகளும் இருப்பதால் பக்கத்துத் துளையும் கூடவே பேசிவிடும். பழைய வாயகலத்தை இங்கே குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: இரண்டாம் துளையை உறிஞ்சினால் அடைத்த மூக்கால் பேசுவதுபோல் கேட்கிறது. ரீடு பழுதாகியிருக்குமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இளநீரை உறிஞ்சுவதுபோல் இழுக்கும்போது நாக்கு மேலெழுந்து, சுரம் தன் இடத்திலிருந்து கீழே வளைந்துவிடுகிறது. கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, நாக்கைத் தாழ்த்தி, இயல்பாக மூச்சை உள்ளே வாங்குங்கள். மூன்றாம் துளையை ஊதினால் வருவதும் இதே கீழ்ப் பஞ்சமம்தான். இரண்டும் ஒத்தால் ரீடு நலமாக இருக்கிறது.

கேள்வி: நான்காம் துளையிலிருந்து சங்கராபரணத்தின் ஆரோகணம் வாசிக்கும்போது கடைசியில் தடுமாறுகிறேன்.

பதில்: நான்கு, ஐந்து, ஆறாம் துளைகளில் ஊதிவிட்டு உறிஞ்ச வேண்டும். ஏழாம் துளையில் வரிசை தலைகீழாகி, உறிஞ்சினால் நிஷாதமும் ஊதினால் மேல் ஷட்ஜமும் வரும். ஆறிலிருந்து ஏழுக்கு மூச்சை மாற்றாமல் உறிஞ்சியபடியே நகர வேண்டும்.

கேள்வி: நாக்கால் அடைத்து வாசிப்பதையே முதலில் கற்றால் என்ன?

பதில்: கற்கலாம். நான்கு துளைகளை வாயால் மூடி, இடப்பக்கத்து மூன்றை நாக்கால் அடைத்து, வலக்கோடித் துளையை மட்டும் ஒலிக்க விடுவது அந்த முறை. ஆயினும் உதட்டு முறையில் ஆறாம் துளை தெளிந்த பிறகு அதைத் தொடங்குமாறே நான் சொல்வேன்.