எழுதியவரே பாடும் பாட்டு

அன்புள்ள அண்ணா,

கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கொஞ்ச நாளாக நோட்டில் பாட்டு எழுதி வைக்கிறேன், யாரிடமும் காட்டியதில்லை. கானா என்றாலே எங்கள் வீட்டில் "அதெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்கிறார்கள். உங்களிடம் எல்லோரும் உங்கள் பாட்டைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். தானே எழுதித் தானே பாடுகிறவர்களில் நீங்கள் மதிக்கிறவர்கள் யார்? அவர்களுடைய எந்தப் பாட்டைக் கேட்கலாம்? எதிலிருந்து ஆரம்பிப்பது?

— ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தவன் நான். என் பாட்டைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பேசுவதில்தான் எனக்குச் சந்தோஷம் அதிகம்.

எந்தப் பாட்டைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, இது யாரிடம் பேசுகிறது என்பதைத்தான். அந்தப் பழக்கம் எனக்குக் காரிய வீட்டுப் பந்தலில் வந்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கமெல்லாம் பதினாறாம் நாள் காரியத்துக்கு ராத்திரி முழுக்கக் கானா வைப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் டோலக் வாசிக்கப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் குழுவில் ஒரு மூத்த பாடகர் இருந்தார். மைக்கைத் தொடும் முன் வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். செத்துப்போனவர் எந்த டீக்கடையில் நிற்பார், பேரப்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார், என்ன கொழம்பு பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வெளியே வந்து ஒரு தொகையறாவை, அதாவது தாளம் இல்லாமல் பாடும் தொடக்க வரிகளை, இழுத்துவிட்டு, கேட்டதையெல்லாம் மெட்டில் போட்டு அந்த இடத்திலேயே பாட்டு கட்டுவார். செத்துப்போனவரை நினைத்து உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்காகத்தான் பாடுவார். தெருவே நின்று கேட்கும். எழுதுகிறவரும் பாடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் பாட்டு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது குரலுக்கே தெரிந்துவிடும். எங்கள் ஏரியாவில் அது நேற்று வந்த பழக்கமும் இல்லை.

இந்த வரிசையில் முதல் பெயர் கானா பாலா. புளியந்தோப்புக்காரர், சட்டம் படித்தவர். 2012இல் வந்த 'அட்டகத்தி' படத்தில் அவர் பாடிய இரண்டு பாட்டுகள், 'ஆடி போனா ஆவணி', 'நடுக்கடலுல கப்பல'. இரண்டாவதை எழுதியதும் அவரே, அதைக் கேளுங்கள். நடுக்கடலில் இறங்கிக் கப்பலைத் தள்ள முடியுமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார். ஒருதலைக் காதல்தான் விஷயம். ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, அவளைப் பார்த்துப் புலம்பவும் இல்லை. காதலித்துத் தோற்ற பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைபோட்டுப் பேசுகிறார். வரி 'முடியுமா' என்று முடிகிற இடத்தில் குரலை எங்கே விடுகிறார் என்று கவனியுங்கள். கேட்கிறவன் மனசுக்குள் 'முடியாதுண்ணா' என்று சொல்லிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. அந்த இடம் காகிதத்தில் கிடைக்காது, பாடிப் பாடித்தான் கிடைக்கும். அடுத்த வருஷம் 'சூது கவ்வும்' படத்துக்கு 'காசு பணம் துட்டு மணி' எழுதி, அந்தோணிதாசனோடு சேர்ந்து பாடினார். அதை எல்லோரும் ஆடத்தான் போடுகிறார்கள். ஒருநாள் ஆடாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

கானா பாலச்சந்தரின் 'வாத்தி கம்மிங்' உங்களுக்குத் தெரிந்ததுதான். 'மாஸ்டர்' படத்துக்காக அவர் எழுதி அனிருத்தோடு பாடியது. தாளத்தில் அடி விழுகிற இடம் தெரிந்தவர் எழுதிய சொற்கள் அவை.

ராப் பாடகர் அறிவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அரக்கோணத்துக்காரர், ஆனால் அரக்கோணம் வண்டி வியாசர்பாடி ஜீவா வழியாகத்தானே வருகிறது, நான் அவரை நம்ம ஆளாகத்தான் நினைக்கிறேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, மொத்தம் 19 பேர். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். அந்தக் குழுவில் இருந்துதான் அறிவு வெளியே தெரிந்தார். இடஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா'வைக் கேளுங்கள். கல்லூரிக்குப் போகிற உங்களுக்கு அதில் யாரிடம் பேசுகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு செய்த 'தெருக்குறள்' ஆல்பத்தையும் முழுசாகக் கேளுங்கள்.

அதன் பிறகு 'என்ஜாய் எஞ்சாமி' (2021). சந்தோஷ் நாராயணன் இசை, பாடகி தீயோடு சேர்ந்து அறிவு பாடியது, வரிகள் அறிவுடையவை. அதற்குள் இருப்பது அவருடைய பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தலைமுறை அது. 1964இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். உழைத்த மண்ணும் இல்லை, திரும்பி வந்த இடத்தில் ஒரு கைப்பிடி நிலமும் இல்லை. அந்தத் துக்கத்தைக் குழந்தைகள் குதிக்கிற தாளத்தில் வைத்திருக்கிறார். கொண்டாட்டமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒப்பாரி உள்ளே வந்துவிடுகிறது. காரிய வீட்டில் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு அது புதுசாகத் தெரியாது. அழுகையும் ஆட்டமும் ஒரே பந்தலில்தானே நடக்கின்றன. 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே ஓர் ஆல்பம் போட்டார். பாட்டியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைக்கிறவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கபேர் வாசுகி எழுதிப் பாடுகிறவர்தான். ஆனால் உங்களுக்கு நான் சொல்கிற பாட்டை அவர் பாடவில்லை. 2017இல் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' வரிகள் அவருடையவை, பாடியவர் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா. எண்ணூர் கழிவெளியை, கடலோரத்து அந்தச் சதுப்பு நீர்நிலையைப் பற்றியது. ஆனந்தபைரவியில் தொடங்கி ஒவ்வொரு ராகமாக மாறிப்போகும் ராகமாலிகைக்குள் நம்ம மெட்ராஸ் பாஷை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் அதே லைனில் எண்ணூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் சொன்னதற்கு வருகிறேன். நம்ம ராயபுரத்து இசைவாணி சின்ன வயதிலேயே அப்பாவோடு மேடையேறிப் பாடியவர். கானா ஆண்கள் சமாச்சாரம் என்றிருந்த ஊரில் மைக்கைப் பிடித்து நின்றார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் சபரிமலைக்குப் பெண்கள் போவதைப் பற்றி அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா'வைத் தேடிக் கேளுங்கள். 2020இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். பட்டியலைவிட, அவர் பாடுவதைப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. பிடித்த பெண் கிடைக்கவில்லை என்று அவளை ஏசுகிற கானாக்கள் இணையத்தில் நிறைய ஓடுகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அம்மா பயப்படுவது அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் என்றால், அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதிலாக வேறு பாட்டு வரவேண்டும், அதை உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். 'நடுக்கடலுல கப்பல'. ஹெட்போனில் வேண்டாம், அடுப்படியில் அம்மா இருக்கும்போது சத்தமாகப் போடுங்கள். அப்புறம் உங்கள் நோட்டில் இருக்கிறதில் ஒன்றை, எது கூச்சமாக இருக்கிறதோ அதை, ஃபோனிலேயே பாடிப் பதிவு பண்ணி எனக்கு அனுப்புங்கள். தாளம் தட்டத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. டோலக் நான் வாசித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்