காலி மனையில் அனுமதியில்லாமல் கார் நிறுத்துகிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு காலி மனை இருக்கிறது. பக்கத்து வீட்டார் நாலைந்து வருஷமாக இரண்டு கார்களை அதில் நிறுத்துகிறார்கள். கேட்டால் "சும்மாதானே கிடக்கு" என்கிறார்கள். வண்டியை டோ செய்ய (இழுத்துப் போய் அகற்ற) முடியுமா? போலீஸ் கேஸ் எடுக்குமா? இப்படியே விட்டால் இடம் கைவிட்டுப் போய்விடுமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "12 வருஷம் வண்டி நிறுத்தினால் இடம் அவனுக்கு" என்பது வாட்ஸ்அப் சட்டம். வழக்குகளுக்குக் கால வரம்பு சொல்லும் 1963 லிமிட்டேஷன் சட்டத்தில் 12 ஆண்டுக் கணக்கு உண்மைதான். ஆனால் அது, உரிமையாளரை வெளியே தள்ளி, முழு இடத்தையும் தனக்கே என்று பகிரங்கமாக அனுபவிப்பவருக்கு. காலையில் எடுத்துப் போய் ராத்திரி கொண்டுவந்து நிறுத்தும் கார் அந்தக் கணக்கில் வருவது கடினம். தகர ஷெட் போட்டாலோ, சிமெண்ட் தளம் போட்டாலோ, அவர் பூட்டோடு ஒரு கேட் வைத்தாலோ கதை மாறும். நீங்கள் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியது காரை அல்ல, அதைச் சுற்றி இப்படி ஏதாவது முளைத்திருக்கிறதா என்பதை. இன்னொன்று வழி உரிமை. உங்கள் மனை வழியாகத் தன் பின்கட்டுக்கு 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையாகவே போய்வந்தேன் என்று நிரூபித்தால் 1882 ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் கேட்கலாம். உங்கள் அனுமதியோடு போய்வந்தவர் அப்படிக் கேட்க முடியாது. அனுமதி என்ற சொல் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள், கீழே இது மறுபடி வரும்.

டோ செய்வது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவில் போலீஸ் வண்டியை அகற்றும் அதிகாரம் பொது இடத்துக்குத்தான். டிராஃபிக் போலீஸின் ரெக்கவரி வண்டி உங்கள் மனைக்குள் வராது. நீங்களே கிரேன் வைத்து இழுத்து, பம்பர் உடைந்தால் கேஸ் உங்கள் மேல் திரும்பும். காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியை உடைப்பது, கோடு கிழிப்பது எல்லாமே பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 324-ஆவது பிரிவில் சேதம் விளைவித்த குற்றம். சாதாரணமாக 6 மாதம் வரை சிறை, சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் 2 ஆண்டு வரை. நம் ஊர் கேட்டுகளில் "வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று ஒரு போர்டு தொங்குமே, காற்று போன அன்று அந்த போர்டைத்தான் முதலில் போட்டோ எடுப்பார்கள். சங்கிலி போட்டுப் பூட்டி "பணம் கொடுத்தால்தான் திறப்பேன்" என்றால் மிரட்டிப் பணம் பறித்ததாகப் புகார் வரும்.

இனி போலீஸ். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். பாதி உண்மை. அத்துமீறி நுழைதல் அதே சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவில் குற்றம்தான். 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் வெறுமனே உள்ளே வந்தால் போதாது. குற்றம் செய்ய, மிரட்ட, அவமதிக்க அல்லது தொல்லை கொடுக்கும் எண்ணம் இருக்க வேண்டும். இதுவரை யாரும் தடுக்காத இடத்தில் நிறுத்தியவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று காட்டுவது கஷ்டம். எழுத்தில் "நிறுத்தாதே" என்று சொன்ன பிறகும் நிறுத்துகிறவர் விஷயம் வேறு. எனவே உங்கள் முதல் ஆயுதம் ஒரு கடிதம்.

கடிதம் எழுதுமுன் காகிதங்களைப் பாருங்கள். பட்டா இன்னும் மனையை விற்றவர் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றுங்கள். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் முதலில் கேட்பது அதுதான். அப்புறம் சர்வேயரை வைத்து, புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஒப்பிட்டு, நான்கு மூலையிலும் கல் நடுங்கள். அளக்கும் நாளைப் பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அளக்காமல் சண்டைக்குப் போய், கடைசியில் கார் நின்ற மூன்றடி அவருடையது என்று தெரியவருவதும் உண்டு. பத்திரத்தில் அந்தப் பகுதி "பொதுப் பாதை" என்று இருந்தால் உங்கள் வாதமும் மாறும்: அதில் எல்லோருக்கும் நடக்க உரிமை உண்டு, ஒருவர் வண்டியை நிறுத்தி அடைக்க உரிமை இல்லை.

கடிதத்தில் சர்வே எண், மனை எண், பத்திர எண், இரண்டு வண்டிகளின் எண்கள், எந்தத் தேதிகளில் நின்றன என்பதை எழுதி, அனுமதி தரவில்லை, 7 நாளில் எடுத்துவிடவும் என்று முடியுங்கள். திட்டு, மிரட்டல் எதுவும் வேண்டாம். இதே கடிதம் நாளைக்கு நீதிபதி கையில் இருக்கும். "நீங்கள் எங்கள் அனுமதியோடு நிறுத்தவில்லை" என்று எழுதும்போது "இத்தனை வருஷமாக அனுபவித்து வருகிறீர்கள்" என்று வாய்தவறி எழுதிவிடாதீர்கள். ஒப்புகையோடு தபாலில் ஒன்று, வைப்பருக்கு அடியில் ஒன்று. கோந்து போட்டு ஒட்ட வேண்டாம், கண்ணாடி கீறியது என்று அதற்கு ஒரு சண்டை வரும். வண்டி எண், மூலைக்கல், பின்னால் ஏதாவது மாறாத அடையாளம் மூன்றும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். எடுத்த போனிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது அளவு சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்போது அங்கே இடறும்.

ஏழு நாள் கழிந்தும் நின்றால் கடிதம், ஒப்புகை, படங்கள், பட்டா நகலோடு புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஸ்டேஷன் ரசீது) வாங்குங்கள். ரசீது இல்லாத புகார் புகாரே இல்லை. பல இடங்களில் இன்ஸ்பெக்டர் ஒருமுறை கூப்பிட்டுப் பேசியதுமே வண்டி நகர்ந்துவிடும். எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பி-க்கோ, சென்னை போன்ற கமிஷனரேட்டில் துணை ஆணையருக்கோ தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்.

சிவில் வழக்கு என்றால் நிரந்தரத் தடையுத்தரவு, கூடவே இடைக்கால மனு. காலி மனை உரிமையாளரின் வசத்திலேயே இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம். ஆனால் எதிராளி "மனையே என்னுடையது" என்று ஆவணம் காட்டிக் கிளப்பினால் வெறும் தடையுத்தரவு வழக்கு போதாது, மனை உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும்படியும் கேட்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான்.

இவ்வளவுக்கும் முன்னால், அல்லது கூடவே, வேலி. உங்கள் ஒரு கிரவுண்டை 40-க்கு 60 அடி என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 200 அடி. 10 அடி கேட் போக 190. எட்டு அடிக்கு ஒன்று என்று 25 கல்தூண், மூலைக்கு இரண்டு முட்டு (சாய்வாகத் தாங்கும் தூண்) வீதம் 8, ஆக 33. ஒன்றரை அடி புதைக்க வேண்டும். நாலு வரி முள்கம்பிக்கு 760 அடி, குறுக்குக் கம்பி தனி. முட்டு வைக்காமல் காசை மிச்சம் பிடித்தால் கம்பியை இழுத்துக் கட்டியதும் மூலைத்தூண் உள்ளே சாயும். கார் உள்ளே நிற்கும்போது வேலியை மூடாதீர்கள். வெளியே போன நேரம் பார்த்து மூடுங்கள். எதிராளி முந்திக்கொண்டு கோர்ட்டில் உத்தரவு வாங்குவார் என்ற பயம் இருந்தால் வேலைக்கு முன்பே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு) போட்டுவிடுங்கள், 90 நாளுக்குச் செல்லும்.

நல்ல அயலார், விரட்ட மனமில்லை என்றால், வாயால் சரி என்று சொல்லாமல் ஒரு பக்கக் கடிதத்தில் அனுமதி கொடுங்கள். 11 மாதத்துக்கு, 15 நாள் அறிவிப்பில் ரத்து, இது வெறும் அனுமதி, இரண்டு பேர் கையெழுத்து. அதில் விடவே கூடாத வரி: "ஷெட், தளம், சுவர் எதுவும் போடக் கூடாது." அனுமதி வாங்கியவர் அதை நம்பிச் செலவழித்து நிரந்தரமாக ஒன்றைக் கட்டிவிட்டால் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று ஈஸ்மெண்ட் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தக் கடிதம் கையில் இருந்தால் மேலே சொன்ன 12 வருஷம், 20 வருஷம் இரண்டையும் அவர் பேச முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் புகாருக்கு உறவினரிடம் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் கொடுக்கலாம், வழக்குக்குப் பவர் பத்திரம் வேண்டும். அங்கே எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், அதைத் தவறவிட்டு வழக்கு நாளில் விழிப்பவர்கள் நிறைய.

யாருடையது என்றே தெரியாத வண்டி வாரக்கணக்கில் நின்றால் கடிதம் கிடிதம் எல்லாம் வேண்டாம். வாகனப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள், பெயர் பாதி மறைந்திருந்தாலும் வண்டி மாடல் பொருந்துகிறதா என்று தெரியும். பொருந்தாவிட்டால் கை வைக்காமல், கதவைத் திறக்காமல், அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் போலீஸே கைப்பற்றி எடுத்துப் போகும்.