எல்லை தாண்டும் பழைய கார்: வரி பற்றி வாசகர்கள் கேட்டவை

ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. கேட்பவர்கள் வேறு வேறு என்றாலும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான்: காருக்குப் பணம் கட்டிய பிறகுதான் வரியைப் பற்றி விசாரிக்கிறோம். விற்பவர் யார், இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது, முதல் பதிவுத் தேதி எது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த எல்லையைத் தாண்டுகிறது என்பவைதான் வரியைத் தீர்மானிக்கின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவை எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: சூரிச்சில் வசிக்கிறேன். ஜெர்மன் டீலர் ஒருவர் 23,800 யூரோவுக்கு ஒரு கார் வைத்திருக்கிறார். கார் சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் வாட்டை (மதிப்புக் கூட்டு வரியை) திருப்பித் தருவதாகச் சொல்கிறார். கணக்குப் பார்த்தால் லாபமா?

பதில்: முதலில் விளம்பரத்தைப் பாருங்கள். 'மேர்வெர்ட்ஷ்டொயர் அவுஸ்வைஸ்பார்' என்று இருந்தால், 19% வாட் இன்வாய்ஸில் தனியாகக் காட்டப்படும். அப்படியானால் 23,800இல் 3,800 வாட், 20,000 நிகர விலை. 'டிஃபெரென்ஸ்பெஷ்டொயெருங்' என்றோ 'பிரிவு 25ஏ' என்றோ இருந்தால் கதை வேறு. டீலர் அந்தக் காரைத் தனியார் ஒருவரிடம் வாங்கியிருப்பார். தன் லாபத்துக்கு மட்டுமே வாட் கட்டுவார். திருப்பித் தருவதற்கு அவர் கையில் பெரிதாக எதுவும் இருக்காது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிறகு 19% எங்கே என்று கேட்டுப் பயனில்லை.

உங்கள் கார் முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். சுவிஸில் 2024 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைப் பொருட்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை, காருக்கும் இல்லை. மீதி இரண்டு வரிகள். வாகன வரி 4%: 20,000க்கு 800. அதையும் சேர்த்த தொகைக்கு 8.1% வாட்: 20,800க்கு 1,684.80. மொத்தம் 2,484.80, அதன் மேல் சிறு கட்டணங்கள். 3,800 திரும்பக் கிடைத்தால் சுமார் 1,300 யூரோ மிச்சம். காரை லாரியில் ஏற்றி வந்தால் அந்தக் கூலியும் வரிக் கணக்கில் சேரும். எலெக்ட்ரிக் காருக்கு இருந்த வாகன வரி விலக்கும் அதே 2024 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. இன்றும் பலர் பழைய விதியை நம்பி வாங்குகிறார்கள்.

இனி நடைமுறை. இதில்தான் பணம் தொலைகிறது. டீலர் முதலில் முழு 23,800ஐயும் வாங்கிக்கொண்டு, ஏற்றுமதி உறுதியான பிறகு 3,800ஐத் தருவதுதான் வழக்கம். தருவதாக வாய்ச்சொல் போதாது. 'வெளியேறியதற்கான சான்று கிடைத்த இத்தனை நாளுக்குள் திருப்பித் தருவேன்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பு 3,000 யூரோவுக்கு மேல் என்பதால் ஏற்றுமதி அறிவிப்பை டீலர் தன் ஊர் சுங்க அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். எல்லைக்கு வந்து பதிய முடியாது. பதிந்ததும் கிடைக்கும் தாளில் பார்கோடும் 18 இலக்க எண்ணும் இருக்கும். எண்ணின் தொடக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், அடுத்து ஜெர்மனிக்கான இரண்டு எழுத்துகள். அந்தத் தாள் கையில் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

எல்லையில் இரண்டு கவுண்டர்கள். முதலில் ஜெர்மன் பக்கம்: பார்கோடை ஸ்கேன் செய்து, கார் வெளியேறியதைப் பதிவார்கள். பிறகு சுவிஸ் பக்கம்: வரி கட்டி, 13.20 ஏ என்ற படிவத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஜெர்மன் கவுண்டரில் நிற்காமல் நேரே சுவிஸ் பக்கம் போய்விட்டால் சுவிஸ் வரியும் கட்டுவீர்கள், ஜெர்மன் வாட்டும் சுலபத்தில் திரும்பாது. கார் இறக்குமதியை ஆள் இருக்கும் அலுவலகத்தில், அலுவலக நேரத்தில் மட்டுமே செய்ய முடியும். சனிக்கிழமை இரவு ஆளில்லாத எல்லை வழியாக வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டுத் திங்கட்கிழமை அறிவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அறிவிக்காமல் எல்லை தாண்டுவதே குற்றம்.

காரை ஓட்டி வர, வலது ஓரத்தில் சிவப்புப் பட்டையும் முடிவுத் தேதியும் உள்ள ஏற்றுமதி நம்பர் பிளேட்டை வாங்குங்கள். மஞ்சள் பட்டை உள்ள 5 நாள் பிளேட் மலிவுதான். ஆனால் ஜெர்மனிக்கு வெளியே அதை ஏற்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 13.20 ஏ படிவம் இல்லாமல் உங்கள் கன்டோனின் (சுவிஸ் மாநிலத்தின்) வாகனப் பதிவு அலுவலகம் காரைப் பதியாது. அதன் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பாரிஸில் இருக்கிறேன். ஜெர்மனியில் தனியார் ஒருவரிடம் 11 மாதம் ஆன கார், 5,600 கிலோமீட்டர் ஓடியது. பழைய கார், அதுவும் தனியாரிடம் வாங்குவது. பிரான்ஸில் வாட் கிடையாதுதானே?

பதில்: உண்டு. முழு 20%. ஐரோப்பிய ஒன்றிய வாட் சட்டப்படி, முதன்முதலில் ஓடத் தொடங்கி 6 மாதத்துக்குள் விற்கப்பட்டாலோ, 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாமல் இருந்தாலோ அது 'புது வாகனம்'. இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். உங்கள் கார் வயதில் பழசு, கிலோமீட்டரில் புதுசு. ஆகவே வரிக்குப் புதுசு. விற்பவர் தனியார் என்பதும், அவர் ஜெர்மனியில் ஏற்கெனவே வாட் கட்டிவிட்டார் என்பதும் இதை மாற்றாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. புது வாகனத்தை வேறு உறுப்பு நாட்டுக்கு விற்கும் தனியாருக்கு, தான் வாங்கியபோது கட்டிய வாட்டைத் தன் வரி அலுவலகத்திடம் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. இப்போதைய விற்பனைக்கு எவ்வளவு வாட் வந்திருக்குமோ அந்த அளவு வரை கேட்கலாம். அதற்கு அவரிடம் தன் பெயரில் வாட் காட்டப்பட்ட அசல் இன்வாய்ஸ் இருக்க வேண்டும். இருந்தால், அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். இல்லையென்றால், மீட்டர் 6,000ஐத் தெளிவாகத் தாண்டிய வேறு காரைப் பார்ப்பது நல்லது.

எந்தக் காரானாலும், ஒப்படைக்கும் நாளில் கிலோமீட்டர், தேதி, நேரம் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீட்டரையும் படம் எடுங்கள். கணக்கில் வருவது ஒப்படைத்த நாள். உங்கள் ஊருக்கு ஓட்டி வந்த தூரத்தைச் சேர்த்து 6,000ஐத் தாண்டியதாகக் காட்ட முடியாது.

கேள்வி: பிரான்ஸில் 'கார்த் கிரிஸ்' என்ற வாகனப் பதிவுப் பத்திரம் எடுக்க 'கிட்டூஸ் ஃபிஸ்கால்' கேட்கிறார்கள். அது என்ன, எவ்வளவு?

பதில்: ஒன்றியத்துக்குள்ளிருந்து வந்த காருக்கு வாட் பாக்கி இல்லை என்று பிரெஞ்சு வரி அலுவலகம் தரும் சான்று. இலவசம். பழைய காரானாலும் வேண்டும். அது இல்லாமல் பதிவு நகராது. வாங்கிய ஒப்பந்தம் அல்லது இன்வாய்ஸ், வெளிநாட்டுப் பதிவுப் பத்திரம், அடையாள அட்டை, முகவரிச் சான்று இவற்றோடு விண்ணப்பியுங்கள். ஜெர்மன் காருக்குப் பதிவுப் பத்திரம் இரண்டு பாகம். இரண்டாம் பாகம், பழைய பேச்சில் 'பிரீஃப்', கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சுவிஸ், பிரிட்டன் போல ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த காருக்குக் கிட்டூஸ் கிடையாது. சுங்கம் தரும் 846 ஏ சான்றுதான்.

4 வயதைத் தாண்டிய காருக்கு 6 மாதத்துக்குள் செய்த தொழில்நுட்பச் சோதனையும் தேவை. கரிமப் புகைக்கான 'மாலுஸ்' என்ற வரி தனி. பழைய காரானாலும் பிரான்ஸில் முதன்முறையாகப் பதியும்போது அது விழும். வயதுக்கு ஏற்பக் குறையும், அவ்வளவுதான். பெரிய எஞ்சின் காரை ஜெர்மனியில் மலிவாகப் பார்த்தால், மாலுஸைக் கணக்கிட்ட பிறகு அது மலிவா என்று பாருங்கள்.

கேள்வி: மச்சான் சுவிஸில். அவருடைய காரை ஒரு வாரம் ஜெர்மனியில் என் வீட்டில் வைத்து ஓட்டப்போகிறேன். அனுமதிக் கடிதம் தருகிறார், இன்ஷூரன்ஸும் இருக்கிறது. பிரச்சினை வருமா?

பதில்: வரும். தயவுசெய்து ஓட்டாதீர்கள். ஒன்றியத்துக்கு வெளியே பதிந்த காரை வரியில்லாமல் உள்ளே தற்காலிகமாக ஓட்டும் சலுகை, வெளியே வசிப்பவருக்கு உரியது. நீங்கள் ஒன்றியத்தில் வசிப்பவர். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து எல்லையைத் தாண்டிய கணத்தில், அந்தக் கார் சட்டப்படி அறிவிக்காமல் இறக்குமதியான கார். கார் மதிப்பு 15,000 யூரோ என்றால் சுங்கத் தீர்வை 10%, அதாவது 1,500. அதைச் சேர்த்த 16,500க்கு 19% வாட் 3,135. மொத்தம் 4,635 யூரோ, அதற்கு மேல் வரி ஏய்ப்பு விசாரணை. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவசரமாகப் போக உறவினர் காரை எடுத்துச் சிக்கிக்கொள்வது இப்படித்தான். அனுமதிக் கடிதம் நீங்கள் திருடவில்லை என்பதைக் காட்டும், வரியைத் தீர்க்காது.

மச்சானும் அப்போது ஜெர்மனியில் இருந்து, அவர் சொல்லி நீங்கள் எப்போதாவது ஓட்டினால் விதி இடம் தருகிறது. சுவிஸ் கம்பெனியில் வேலை செய்து கம்பெனி காரில் வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருபவர்களுக்குத் தனி விதி இருக்கிறது; அதற்கு வேலை ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: லண்டனில் விற்பனைக்கு இருக்கும் கார் ஜெர்மனியில் தயாரானது. அதை ஜெர்மனிக்குத் திரும்பக் கொண்டுவர ஏன் 10% தீர்வை?

பதில்: பிரிட்டனுடனான ஒப்பந்தம் தீர்வையை விலக்குவது பிரிட்டனில் தயாரானவை என்று நிரூபிக்கப்பட்ட பொருட்களுக்கு. மியூனிக்கில் தயாரான கார் லண்டனில் பத்து வருடம் ஓடினாலும் பிரிட்டன் பொருள் ஆகாது. ஒன்றியத்திலிருந்து போய் 3 வருடத்துக்குள் மாற்றமில்லாமல் திரும்பி வருகிற பொருளுக்குத் தீர்வை விலக்கு உண்டு. வாட் விலக்குக்கு, கொண்டுபோனவரே திரும்பக் கொண்டுவர வேண்டும். இன்னொருவரிடம் வாங்கும் உங்களுக்கு வாட் எப்படியும் உண்டு. பிரிட்டனில் தயாரான காராக இருந்தாலும் அங்கே தயாரானது என்பதற்கான சான்றைப் பழைய கார் விற்பவர் தருவது அரிது. ஆகவே 10,000 யூரோ காருக்கு 1,000 தீர்வை, 11,000க்கு 2,090 வாட், ஏற்றிவரும் செலவு என்று முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்கிறேன். என் காரை வரியில்லாமல் கொண்டுபோக முடியுமா?

பதில்: முடியும், வரிசை தவறாமல் செய்தால். நிபந்தனைகள்: பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து 12 மாதமாவது வசித்திருக்க வேண்டும், கார் 6 மாதமாவது உங்களிடம் இருந்து நீங்கள் ஓட்டியிருக்க வேண்டும், போன பிறகு 12 மாதம் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. விற்க நேர்ந்தால் முதலில் வரி அலுவலகத்திடம் சொல்லி வரியைக் கட்டிவிட்டு விற்க வேண்டும்.

குடிபெயர்வு விலக்குக்குக் கார் கிளம்பும் முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து, வரும் எண்ணைச் சுங்க அறிவிப்பில் போட வேண்டும். கார் மனைவி பெயரில் பதிந்திருந்தால் அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். பத்திரத்தில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் வேறு பெயரும் இருந்தால் தாமதம் நிச்சயம். கார் வந்து 14 நாளுக்குள், அது வந்ததைப் பிரிட்டன் வரித்துறைக்குச் சொல்லும் 'நோவா' என்ற அறிவிப்பு. விலக்கு கிடைத்தாலும் இது கட்டாயம். இது முடியாமல் வாகனப் பதிவுத் துறை விண்ணப்பத்தை எடுக்காது. அடுத்து வி55/5 படிவம், 55 பவுண்ட் முதல் பதிவுக் கட்டணம், ஆண்டு வாகன வரி. வி55/4 புதுக் காருக்கானது. மாற்றி அனுப்பினால் திரும்பி வரும்.

வரி தீர்ந்தாலும் வண்டியில் மூன்று வேலை இருக்கும்: ஸ்பீடோமீட்டரில் மைல் தெரிய வேண்டும், முன்விளக்கு இடதுபக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக வேண்டும், பின் ஃபாக் லைட் வலது பக்கமோ நடுவிலோ இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் பில்லில் சேசிஸ் எண்ணை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: விற்பவர் ஒப்பந்தத்தில் 3,000 என்று எழுதித் தருகிறேன் என்கிறார். உண்மை விலை 9,000. வரி குறையுமே?

பதில்: வேண்டாம். அந்த மாடல், வயது, கிலோமீட்டருக்கான சந்தை விலைப் பட்டியல் சுங்கத்திடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வங்கிப் பரிமாற்றத்தைக் கேட்பார்கள். மோசடி வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். கார் கோளாறாகிப் பணத்தைத் திரும்பக் கேட்டாலும் பத்திரப்படி நீங்கள் கொடுத்தது 3,000தான். கார் உண்மையிலேயே அடிபட்டு மலிவாகக் கிடைத்தது என்றால், அடிபட்ட இடங்களின் படங்களையும் நிபுணர் அறிக்கையையும் இன்வாய்ஸோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: நெதர்லாந்தில் காரைப் பதியும்போது கட்டும் பேபேஎம் வரி அதிகமாகப் போட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றிய ஒப்பந்தத்தின் 110ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. இறக்குமதியான பழைய காருக்குப் போடும் வரி, அதேபோன்ற உள்நாட்டுப் பழைய காரின் விலைக்குள் இன்னும் மிஞ்சியிருக்கும் வரியைவிட அதிகமாக இருக்கக் கூடாது. போர்த்துகல் வழக்கொன்றில் 1995இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

நெதர்லாந்தில் தேய்மானத்தை மூன்று வழியில் கணக்கிடலாம்: வயதை மட்டும் பார்க்கும் நிலையான அட்டவணை, சந்தை விலைப் பட்டியல், மதிப்பீட்டு அறிக்கை. அட்டவணை சுலபம், ஆனால் அதிகம் ஓடிய காருக்கு விலைப் பட்டியல் பெரும்பாலும் குறைந்த வரி தரும். மதிப்பீட்டு அறிக்கை, பெரிய சேதமுள்ள காருக்கோ பட்டியலில் இல்லாத காருக்கோ மட்டும். சேதத்தைக் காட்டப் போகிறீர்கள் என்றால் மதிப்பீடும் அரசுப் பரிசோதனையும் முடியும்வரை பழுது பார்க்காதீர்கள். பழுது பார்த்த கார் சேதமில்லாத கார், வரியும் அப்படியே.

முதலில் வரியைக் கட்டுங்கள். கட்டாமல் நம்பர் பிளேட் வராது. கட்டிய நாளிலிருந்து 6 வாரத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். முழு ஆதாரம் கைவசம் இல்லையென்றால், காலக்கெடுவுக்குள் ஆட்சேபத்தை மட்டும் அனுப்பி 'விவரம் பின்னர்' என்று எழுதலாம். ஜெர்மன் சுங்க அலுவலகத்தின் தீர்வை ஆணைக்கு எதிராக என்றால் அவகாசம் ஒரு மாதம்தான். அங்கும் ஆட்சேபம் போட்டதால் மட்டும் கட்டும் கடமை நிற்காது.