மிகச் சிறிய தொழில்களும் இணையமும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி (கும்பகோணம், மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்ப்பவர்): கடைக்கு வெப்சைட் செய்து தருவதாக ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. மிக்ஸி நின்றுபோன வீட்டார் உங்கள் கடைப் பெயரைத் தேடுவதில்லை. பக்கத்தில் மிக்ஸி ரிப்பேர் எங்கே என்றுதான் தேடுகிறார்கள். அப்போது முன்னால் வந்து நிற்பவை கூகுள் வரைபடத்தில் பதிவான கடைகளே. அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெயர்ப்பலகையும் கடையின் உட்புறமும் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, கடை உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பார்கள். பிறகு, திறக்கும் நேரத்தையும் வார விடுமுறையையும் சரியாகக் குறித்து, கப்ளர், கார்பன் பிரஷ் மாற்றுவது, காயில் கட்டுவது என்று செய்யும் வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பதிவு உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் இருக்க வேண்டும். கடைப் பையனின் கணக்கிலோ ஏஜென்டின் கணக்கிலோ இருந்துவிட்டால், அவர் விலகிய பிறகு கடையின் தொலைபேசி எண்ணை மாற்றுவதற்குக்கூட அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி (கரூர், வீட்டில் இட்லிப் பொடி தயாரிப்பவர்): வாட்ஸ்அப் குழுவில் விற்கிறேன். பெங்களூரிலிருந்தும் ஆர்டர் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள் அம்மா. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு தேவை. அந்த 14 இலக்க எண் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் நேரடியாகப் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் உங்கள் பொடியைப் போன்ற வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். பெரிய விற்பனைத் தளங்களின் வழியாக விற்பதென்றால், வரம்புக்கு உட்பட்டவர்கள் ஜிஎஸ்டி பதிவுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்றுச் சொந்த மாநிலத்துக்குள் விற்பதற்கு 2023 அக்டோபர் 1 முதல் வழி செய்யப்பட்டிருக்கிறது.

குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லாருக்கும் தெரிகிறது. வாடிக்கையாளர்களை, பெண்களை முக்கியமாக, அந்த நிலையில் வைப்பது முறையல்ல. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் (பொருள் பட்டியல்) அமைத்து, பொடியின் எடை, விலை, எத்தனை நாள் கெடாமலிருக்கும் என்பதை அதில் எழுதிவிட்டு, செய்திகளை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்புங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதால், ஒவ்வொரு பார்சலோடும் எண்ணைச் சேமிக்கச் சொல்லி ஒரு சீட்டு வையுங்கள்.

கேள்வி (மதுரை, ஆரி வேலை செய்யும் தையற்காரர்): இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் போட்டால் ஆர்டர் கூடுமா?

பதில்: அளவு கொடுக்க நேரில் வர வேண்டிய தொழில் என்பதால், கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி விளம்பரத்தைச் சுருக்குங்கள். அதற்கு முன்பாக, ஒவ்வொரு பிளவுஸ் படத்தின் கீழும் தொடக்க விலையையும், முடித்துத் தர ஆகும் நாள்களையும் எழுதிவிடுங்கள். விலை கேட்டவரைத் தனிச் செய்திக்கு வரச் சொன்னால், பலர் அத்தோடு போய்விடுவார்கள். வந்தவர்களின் எண்களைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். கணக்கு முடங்கினாலும் அவை உங்களிடம் இருக்கும்.

கேள்வி (திண்டுக்கல், டீக்கடை): கியூஆர் வழியாக வரும் பணத்தில் கமிஷன் பிடிப்பார்களா?

பதில்: வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. தொகையை அறிவிக்கும் ஸ்பீக்கருக்கு மாத வாடகை இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (திருப்பூர், டி-ஷர்ட் விற்பவர்): ராணுவ முகாமுக்கு 200 டி-ஷர்ட் வேண்டும் என்ற ஒருவர், அட்வான்ஸ் பெற கியூஆரை ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள். பின் எண் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாமல், வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே சரக்கை அனுப்புங்கள். ஏற்கெனவே பின் எண் போட்டுப் பணம் போயிருந்தால் இப்போதே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்; அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.