நெஞ்சுப் படம் சுத்தம்; தொடையில் காசநோயா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, கடற்றொழில் செய்கிறார். நான்கு மாதங்களாக வலது தொடையின் மேற்பகுதியில் வீக்கம் இருக்கிறது. சூடோ சிவப்போ இல்லை, வலியும் குறைவு. வலை இழுத்ததில் தசை பிடித்திருக்கும் என்று எண்ணி நோவெண்ணெய் பூசி உருவிவிட்டோம். பின்னர் ஊசியால் சீழ் எடுத்துச் சோதித்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லையாம். நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. இப்போது ஒரு வைத்தியர், தசையில் காசநோயாக இருக்கலாம் என்கிறார். இருமலே இல்லாதவருக்கு இது வருமா? வீட்டில் சிறு பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள்.
வாசகி, நிலாவெளி

பதில்: வரும், ஆனால் அரிதாகவே வரும். இரத்தவோட்டம் மிகுந்ததும் இலக்டிக் அமிலம் சேர்வதுமான தசையில் காசநோய்க் கிருமி எளிதில் தங்குவதில்லை என்றே பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. நெஞ்சுப் படம் சுத்தமாக இருப்பது நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயை மறுக்கும் சான்று ஆகாது. அத்தகைய நோயாளிகள் பலருக்கு நுரையீரலில் எந்தத் தடயமும் இருப்பதில்லை. உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது, சூடும் சிவப்பும் இல்லாமல் சீழ் சேர்ந்திருப்பதுதான். சாதாரணக் கிருமியால் வரும் கட்டி இப்படி நான்கு மாதம் அமைதியாக இருக்காது.

‘எதுவும் வளரவில்லை’ என்ற முடிவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வளர்ப்புச் சோதனை சில நாட்களில் முடிந்துவிடும். காசநோய்க் கிருமியோ தனி வளர்ப்பு ஊடகத்தில் வளர ஆறு முதல் எட்டு வாரம் வரை எடுக்கக்கூடியது. ஆகவே மீண்டும் மாதிரி எடுக்கும்போது காசநோய்க்கான நுண்ணோக்கிப் பரிசோதனை, வளர்ப்பு, ஜீன்எக்ஸ்பேர்ட் ஆகிய மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபணுவையும், முக்கிய காசநோய் மருந்தான ரிபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் காட்டும். தசைத் துண்டு எடுப்பதாயின் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டுமே திசுவைப் பதப்படுத்தும் திரவமான போர்மலினில் இட்டு, மற்றதை உப்புநீரில் அனுப்ப வேண்டும். போர்மலின் கிருமியைக் கொன்றுவிடுவதால் முழுத் துண்டும் அந்தப் போத்தலுக்குள் போனால் வளர்ப்புச் சோதனைக்கு வழியே இல்லை. இந்தச் சிறு பிசகால் வாரக்கணக்கில் காலம் வீணாவதுண்டு.

முதுகெலும்பையும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்து பார்க்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. முள்ளெலும்பில் தொடங்கும் காசநோயின் சீழ், இடுப்புக்குள் இறங்கும் சோவாஸ் தசையின் உறை வழியே வழிந்து, கவட்டிலோ தொடையிலோ வீக்கமாகத் தலைகாட்டும். நோய் முதுகில் இருக்க, எண்ணெய் தொடைக்குப் போய்க்கொண்டிருக்கும். நீரிழிவுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். அதற்காக மனம் வருந்த வேண்டாம்.

நோய் உறுதியானால் மருந்தே முதன்மைச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் ஐசோனியாசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டும் கொடுக்கப்படும். எலும்பும் பாதிக்கப்பட்டிருந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை நீளலாம். திருகோணமலை மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இக்குளிசைகள் இலவசம். பெரிய கட்டியானால் ஸ்கான் பார்த்து ஊசியால் சீழை வெளியேற்றுவார்கள். வெறுமனே கீறிவிட்டால் ஆறாத புரையாக நீடிக்கக்கூடும். தொடக்க வாரங்களில் வீக்கம் சற்றுக் கூடினாலும் குளிசையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிபாம்பிசினின் நிறம்தான். கண் மஞ்சளாதல், பார்வை மங்குதல், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமை ஆகியவற்றுக்கு மட்டும் அன்றே ஓடுங்கள்.

நுரையீரலில் நோய் இல்லையெனில் இருமல் வழியே பரவும் அச்சம் இல்லை. ஒரே கோப்பையில் உண்பதாலும் தொற்றாது. எனினும் அவருக்குத் தொற்றைக் கொடுத்தவர் வீட்டிலோ படகிலோ இருக்கலாமாகையால், பிள்ளைகளையும் உங்களையும் ஒருமுறை பரிசோதிப்பார்கள்.

மீனவர் வீட்டுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதமிழந்த சூரை மீனில் ஹிஸ்டமின் என்னும் இரசாயனம் உருவாகும். அதை உடல் முறிக்கவிடாமல் ஐசோனியாசிட் தடுக்கும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, வாந்தியும் வரலாம். இலங்கையில் காசநோய் மருந்து எடுத்தோரிடம் இது கண்டறியப்பட்டு, 1980இல் மருத்துவ இதழிலும் வெளியாயிற்று. குளிசை முடியும்வரை சூரைக்குப் பதிலாக விளைமீன் சமைத்துக் கொடுங்கள்.